கூடுதலாக ஒரு தட்டு

1888-ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை இரவு. பம்பாயிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஏறக்குறைய 19 வயதான மோகன்தாஸ் காந்தி லண்டன் விக்டோரியா ஹோட்டலில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா வந்தார். பேச்சுவாக்கில் காந்தி அவருடைய உயரமான தொப்பியை எடுத்துத் தடவிப் பார்த்தார். தடவியது எதிர்ப்பக்கமாக, வழுவழுப்பாக இருந்த ரோமம் கலைந்து நின்றது. மேத்தாவின் முகம் மாறியது. பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது: அடுத்தவர் பொருளைத் தொடக் கூடாது; ஊரில் செய்வதுபோல முதல் சந்திப்பிலேயே கேள்விமேல் கேள்வி கேட்கக் கூடாது; உரக்கப் பேசக் கூடாது; பார்த்தவரையெல்லாம் ‘சார்’ என்று கூப்பிடக் கூடாது, இங்கே வேலைக்காரர்கள்தான் எஜமானை அப்படி அழைப்பார்கள்.

ஹோட்டல் பில் மூன்று பவுண்டு வந்தது. காந்தி அதிர்ந்துபோய் வாடகை அறைக்கு மாறினார். மேத்தா அந்த அறையையும் வந்து பார்த்தார். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. இங்கிலாந்துக்கு வருவது படிப்புக்காக என்பதைவிட, ஆங்கிலேயரின் வாழ்க்கையையும் பழக்கவழக்கங்களையும் அறிந்துகொள்ளத்தான். அதற்கு ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அது மேத்தா ஒருவரின் கருத்து மட்டும் அல்ல. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து பயணம் சுருங்கியதிலிருந்தே இந்தியாவின் வசதியான குடும்பங்கள் பிள்ளைகளை லண்டனுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தன. ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது. 1870-களின் பிற்பகுதியில் அதன் வயது வரம்பை 21-லிருந்து 19-க்குக் குறைத்தார்கள். அந்தத் தேர்வு எழுத வேண்டுமானால் பதினாறு, பதினேழு வயதிலேயே கப்பலேற வேண்டும். மீசை அரும்பாத பையனைக் கடல்தாண்டி அனுப்பும் தகப்பனுக்கு அவன் தலைக்குமேல் ஒரு குடும்பத்தின் கூரை இருந்தால்தான் நிம்மதி. லண்டனிலும் அதற்கு ஏற்ற வீடுகள் இருந்தன. கணவனை இழந்து நாலு மாடி வீட்டைத் தனியாகத் தாங்க முடியாத பெண்கள், இந்தியாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள், வருமானம் போதாத பாதிரியார்கள், மருத்துவர்கள். வாரக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஒரு மாணவனை வீட்டில் வைத்துக்கொள்வது அவர்களுக்கு கௌரவமான வருமானம். பேஸ்வாட்டரில் இந்தியர்களும் இந்தியாவிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரர்களும் அதிகம் என்பதால் அந்தப் பகுதிக்கு ‘ஆசியா மைனர்’ என்றே பட்டப்பெயர் விழுந்திருந்தது.

ஆக, இரு தரப்புக்கும் இடையில் பணம் இருந்தது. ஆனால் எந்த வீட்டில் ஒரு மாணவன் ஒட்டினான், எந்த வீட்டில் ஒட்டவில்லை என்பதைப் பணம் தீர்மானிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையும் அந்த வீட்டுப் பெண்களுமே தீர்மானித்தார்கள். அங்கே தங்கிய இந்தியர்கள் பிற்காலத்தில் எழுதிவைத்ததைப் படித்தால் இது திரும்பத் திரும்பத் தெரிகிறது.

காந்திக்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1878-இல், 17 வயது ரவீந்திரநாத் தாகூர் இங்கிலாந்து வந்தார். முதலில் பிரைட்டனில் அண்ணியின் வீடு. பிறகு லண்டனில் ரீஜண்ட்ஸ் பார்க்குக்கு எதிரே தனி அறை, குளிர்காலம், பேச்சுத்துணைக்கு யாரும் இல்லை. அதற்கடுத்து ஓர் ஆசிரியரின் வீடு. அங்கே அவர் தன் மனைவியை நடத்திய விதத்தைப் பார்த்துப் பையனுக்கு மனம் கசந்தது. கடைசியாக வந்து சேர்ந்த இடம் டாக்டர் ஸ்காட் என்பவரின் வீடு. பெட்டியோடு அவர் போய் இறங்கிய அன்று அங்கே நரைத்த தலையோடு டாக்டரும் அவர் மனைவியும் மூத்த மகளும் மட்டுமே இருந்தார்கள். இந்தியாவிலிருந்து யாரோ ஒருவன் வந்து தங்கப்போகிறான் என்ற பயத்தில் இளைய பெண்கள் இருவரும் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வந்தவனால் ஆபத்தில்லை என்று செய்தி போன பிறகே திரும்பினார்கள்.

சில நாட்களிலேயே தாகூர் அந்த வீட்டுப் பிள்ளையாகிவிட்டார். திருமதி ஸ்காட் அவரைப் பெற்ற மகனைப்போலக் கவனித்துக்கொண்டார். மாலையில் டாக்டர் வீடு திரும்புமுன் கணப்பருகே நாற்காலியை இழுத்துப்போட்டு, வீட்டுச் செருப்பை எடுத்து வைத்து அந்த அம்மாள் காத்திருப்பதைத் தாகூர் தினமும் பார்த்தார். ஐரோப்பியப் பெண்களைப் பற்றி ஊரில் கேட்டுவந்ததற்கும் இந்தக் காட்சிக்கும் பொருத்தமே இல்லை. வீட்டு இளைஞர்களோடு சேர்ந்து ஒரு விளையாட்டும் நடந்தது: சின்னத் தேநீர் மேஜையின்மேல் எல்லோரும் விரல்களை வைத்தால் மேஜை தானாக அறையெங்கும் ஆடி ஓடும். ஆவிகளை அழைக்கும் அந்தக் காலத்துப் பித்து. திருமதி ஸ்காட்டுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இளசுகளின் உற்சாகத்தைக் கெடுக்க மனம் வராமல் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் அவர்கள் டாக்டரின் உயரத் தொப்பியின்மேல் கை வைத்ததும் பதறி ஓடிவந்து தடுத்துவிட்டார். கணவருடைய தொப்பியை ஒரு நொடிகூட சாத்தான் தீண்டக் கூடாது!

1880-இல் தாகூரை ஊருக்குத் திரும்பச் சொல்லி அழைப்பு வந்தபோது அந்த அம்மாள் அவர் இரு கைகளையும் பற்றிக்கொண்டு அழுதார். இவ்வளவு சீக்கிரம் போவதற்கு ஏன் வந்தாய் என்று கேட்டார். தாகூர் பட்டம் எதுவும் வாங்காமல்தான் திரும்பினார். ஆனால் இங்கிலாந்தில் கேட்டுப் பாடக் கற்ற மெட்டுகள் கூடவே வந்தன. 1881-இல் அவர் எழுதிய ‘வால்மீகி பிரதிபா’ இசை நாடகத்தில் ஆங்கில, ஐரிஷ் மெட்டுகள் இடம்பிடித்தன.

குடும்பத்தோடு தங்கவைப்பதன் நோக்கம் வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே காலத்து உதாரணம் கோஷ் சகோதரர்கள். 1879-இல் வங்காள அரசு மருத்துவர் கிருஷ்ணதன் கோஷ் தன் மூன்று மகன்களையும் மான்செஸ்டரில் வில்லியம் ட்ரூவெட் என்ற பாதிரியாரின் குடும்பத்தில் விட்டுவந்தார். கடைசிப் பையனுக்கு ஏழு வயது. பிற்காலத்தில் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரானவர் அவர்தான். தகப்பன் போட்ட நிபந்தனை கடுமையானது: பிள்ளைகள் எந்த இந்தியரோடும் பழகக் கூடாது, இந்தியாவின் வாசனையே படக் கூடாது. மூத்தவர்கள் பள்ளிக்குப் போக, சின்னவருக்கு ட்ரூவெட் வீட்டிலேயே லத்தீன் கற்றுக்கொடுத்தார். அவர் மனைவி பிரெஞ்சும் புவியியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். படிப்பில் குறைவில்லை. ட்ரூவெட் தம்பதி ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு பிள்ளைகள் லண்டனில் ட்ரூவெட்டின் தாயாரோடு இருந்தார்கள். அந்த மூதாட்டி தினமும் பைபிள் வாசிப்பார். ஒருநாள் நடு அண்ணன் மன்மோகன், ஜனங்கள் மோசேயின் பேச்சை மீறியது சரிதான் என்று சொல்லிவிட்டார். நாத்திகனோடு ஒரே கூரையின்கீழ் இருந்தால் வீடே இடிந்து விழும் என்று மூதாட்டி வெளியேறிவிட்டார். அப்பாவிடமிருந்து பணம் வருவதும் தடுமாறியது. சவுத் கென்சிங்டனில் ஒரு லிபரல் கிளப்பின் மாடியில், கணப்பு இல்லாத அறையில், காலையில் ரொட்டித் துண்டும் வெண்ணெயும் தேநீரும், மாலையில் ஒரு பென்னி சாஸேஜும் என்று ஓராண்டை ஓட்டினார்கள். கிளப்பின் செயலாளர் ஜேம்ஸ் காட்டன், மூத்த அண்ணனுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் சம்பளத்தில் சிறு வேலை கொடுத்து உதவினார்.

பிள்ளைகளை ஒரு வீட்டில் சேர்ப்பதற்காகச் சொந்த வீட்டையே அவர்கள் நினைவிலிருந்து துடைத்துவிட நினைத்த தகப்பனின் கணக்கு தப்பானது. 1893-இல் இந்தியா திரும்பிய அரவிந்தர் தாய்மொழியை வளர்ந்த பிறகு முயன்று படிக்க வேண்டியிருந்தது. பதின்மூன்று, பதினான்கு ஆண்டுப் பிரிவை எந்த லத்தீனும் ஈடுகட்டாது.

மறுபடி காந்தியிடம். மேத்தா அவரை முதலில் ரிச்மண்டில் ஒரு நண்பரிடம் சேர்த்தார். அங்கே ஒரு மாதம் பழகிய பிறகு வெஸ்ட் கென்சிங்டனில் ஒரு குடும்பம் அமைந்தது. வீட்டுக்கார அம்மாள் விதவை, இரண்டு மகள்கள். இறைச்சி தொடுவதில்லை என்று தாய்க்குச் செய்துகொடுத்த சத்தியத்தைக் காந்தி சொன்னார். அந்த அம்மாளும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் வெள்ளைக்காரச் சமையலில் இறைச்சியை எடுத்துவிட்டால் தட்டில் மிஞ்சுவது உப்புச் சப்பில்லாமல் வேகவைத்த காய்கறியும் ரொட்டியும்தான். உணவு பிடித்திருக்கிறதா என்று அவர் தினமும் கேட்பார். அதற்குமேல் என்ன செய்ய முடியும்? இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கக் காந்திக்குக் கூச்சம். அந்தப் பெண்கள் இருவரும் ஒன்றிரண்டு ரொட்டித் துண்டுகளை வற்புறுத்தி வைப்பார்கள். முழு ரொட்டியே வைத்தால்தான் அவர் வயிறு நிறையும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பெண்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் இவ்வளவுதான். இந்த வரலாற்றின் பெரிய குறையே இது. விருந்தாளிகள் சுயசரிதை எழுதினார்கள். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் எதையும் எழுதிவைக்கவில்லை. முன்பின் பார்த்திராத பையனுக்காகச் சமையலை மாற்ற முயன்று தோற்ற ஒரு விதவையின் கவலை எந்த நூலகத்திலும் இல்லை. விருந்தாளியின் பசிக்குள் மறைந்துதான் அது நமக்குக் கிடைக்கிறது.

காந்தி ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்து வந்ததிலிருந்து வயிறார உண்ட முதல் சாப்பாடு அங்கேதான். பிறகு வரவுசெலவை உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். குடும்பத்தோடு தங்கினால் வாரக் கட்டணம் போக மறைமுகச் செலவுகளும் வந்தன. அவ்வப்போது வீட்டாரை வெளியே சாப்பிட அழைத்துப்போக வேண்டும்; கூட வருவது பெண்ணாக இருந்தால் வண்டிச் சத்தம் முதல் எல்லாம் ஆணின் பொறுப்பு; வெளியே சாப்பிட்ட வேளைக்கு வீட்டுக் கட்டணத்தில் கழிவும் கிடையாது. அவர் தனியாக இரண்டு அறை எடுத்தார், பின்னர் அதையும் விட்டு ஒரே அறை. காலையில் தன் கையால் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும், மதியம் வெளியே, இரவு ரொட்டியும் கோகோவும். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு ஒன்றேகால் ஷில்லிங். மேத்தா சொன்ன வழியில் தொடங்கியவர் தன் வழியைத் தானே தேடிக்கொண்டார்.

இப்படி வீடு தேடித் தவித்தவர்களுக்கு ஒரு சங்கமும் உதவியது. மேரி கார்ப்பென்டர் 1870-இல் பிரிஸ்டலில் தொடங்கிய நேஷனல் இந்தியன் அசோசியேஷன், பின்னாளில் எலிசபெத் மேனிங் என்ற பெண்மணியின் பொறுப்பில் லண்டனில் இயங்கியது. இந்திய மாணவர்களை ஆங்கிலக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்துவது, பெற்றோர் சார்பில் அவர்களைக் கவனித்துக்கொள்வது, மாலை விருந்துகளில் இரு தரப்பையும் பேசவைப்பது அதன் வேலை. 1889-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படிக்க வந்த கொர்னீலியா சொராப்ஜிக்கு லண்டனில் முதலில் கதவு திறந்தது மேனிங்கின் வீடுதான். 1895-இல் ஹைதராபாத் நிஜாமின் உதவித்தொகையில் வந்த 16 வயது சரோஜினிக்கும் அவரே பொறுப்பாளர். பின்னாளில் சரோஜினி நாயுடுவாகப் புகழ்பெற்ற அந்தப் பெண், தன் கவிதைகளைப் படித்து வழிகாட்டிய விமர்சகர் எட்மண்ட் காஸைச் சந்தித்ததும் மேனிங்கின் வீட்டில்தான்.

1905-இல் நிலைமை மாறத் தொடங்கியது. ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட்டில் இந்தியா ஹவுஸ் என்ற விடுதியைத் திறந்தார். வெள்ளைக்காரக் குடும்பத்தின் தயவு வேண்டாம், நம் சாப்பாடு, நம் பேச்சு, நம் அரசியல் என்று மாணவர்கள் அங்கே கூடினார்கள். சாவர்க்கர் அங்கே இருந்தார். வரகனேரியிலிருந்து பாரிஸ்டர் படிப்புக்குப் போன வ.வே.சு. ஐயரும் இருந்தார். அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1907-இல் லீ-வார்னர் தலைமையில் அமைந்த குழு, பிரிட்டனில் சுமார் 700 இந்திய மாணவர்கள் இருப்பதாகக் கணித்தது. அவர்கள் எங்கே தங்குகிறார்கள், யாரோடு பழகுகிறார்கள் என்று ஆராய்ந்தது. அக்குழுவின் உறுப்பினர்களில் ஒருவர் கர்சன் வில்லி. 1909 ஜூலை 1 அன்று இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டில் பொறியியல் மாணவர் மதன்லால் திங்ரா அவரைச் சுட்டுக்கொன்றார். அன்று அங்கே நடந்துகொண்டிருந்தது நேஷனல் இந்தியன் அசோசியேஷனின் மாலை விருந்து. இந்தியரையும் ஆங்கிலேயரையும் ஒரே கூடத்தில் அமரவைக்க நாற்பது ஆண்டு உழைத்த சங்கத்தின் விருந்தில் அது நடந்தது.

அதன்பின் வீடு பார்த்துக்கொடுப்பதும் கண்காணிப்பும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. இந்திய மாணவர்களுக்கென அரசு ஒரு கல்வி ஆலோசகரை நியமித்தது. தாமஸ் ஆர்னால்ட் அந்தப் பொறுப்பை ஏற்றார். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எதிரே, 21, கிராம்வெல் ரோட்டில் அலுவலகமும் தற்காலிகத் தங்குமிடமும் அமைந்தன. புதிதாக வருபவர் சில நாட்கள் அங்கே தங்கி, வீடு அமைந்ததும் போகலாம். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் உதவி செய்யும் கையே வேவும் பார்க்கிறதோ என்ற சந்தேகம் மாணவர்களிடம் போகவேயில்லை. லீ-வார்னர் குழுவின் அறிக்கையைப் பதினைந்து ஆண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்து, 1922-இல், இதே விஷயத்தை மறுபடி ஆராய்ந்த லிட்டன் குழு அறிக்கையின் பின்னிணைப்பாகத்தான் அச்சிட்டார்கள். சந்தேகத்துக்கு அதுவும் தீனி போட்டிருக்கும்.

அந்தக் கிராம்வெல் ரோடு வீட்டுக்கு 1914 ஏப்ரலில் ஒரு தமிழர் வந்தார். மார்ச் 17 அன்று சென்னையில் ‘நெவாசா’ கப்பலேறி ஏப்ரல் 14 அன்று லண்டன் சேர்ந்த ஸ்ரீனிவாச ராமானுஜன். அவரை அழைத்துப்போகக் காரோடு காத்திருந்தவர் கணிதவியலாளர் எரிக் ஹெரால்ட் நெவில். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது கேம்பிரிட்ஜுக்கு வரும்படி ராமானுஜனிடம் நேரில் பேசியவர். சில நாட்களில் கேம்பிரிட்ஜில் செஸ்டர்டன் ரோட்டில் இருந்த தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். நெவிலுக்கு அப்போது 25 வயது. ஆலிஸை மணந்து அதிக காலம் ஆகவில்லை. வாடகை வாங்கிப் பிழைக்க வேண்டிய வீடு அல்ல. புதுக் குடித்தனத்துக்குள் வைதீகமான கும்பகோணத்துக்காரர் ஒருவரைத் தங்கவைப்பது அந்தத் தம்பதி விரும்பி ஏற்ற பொறுப்பு.

ஜூன் தொடக்கம் வரை ராமானுஜன் அங்கே இருந்தார். பிற்காலத்தில் நெவில் அந்த நாட்களை நினைவுகூர்ந்தபோது கணிதத்தோடு சில சின்னச் சங்கடங்களையும் சொன்னார்: பழக்கமில்லாத காய்கறிகள் தொண்டையில் இறங்காதது, 26 ஆண்டுகள் கட்டின்றி நடந்த பாதங்களைப் பூட்ஸ் கடித்தது. ஆனாலும் மனிதர் சந்தோஷமாக இருந்தார் என்கிறார் நெவில். விருந்தளித்த தரப்பிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் அரிய சாட்சி இது. பூட்ஸ் கடித்ததைக்கூட முப்பது வருஷம் நெருங்கிய பிறகும் மறக்காமல் சொல்பவர் எவ்வளவு உற்றுக் கவனித்திருப்பார்!

பேராசிரியர்களைச் சந்திக்க வசதி என்று ராமானுஜன் டிரினிட்டி கல்லூரியின் வ்யூவெல்ஸ் கோர்ட் அறைக்கு மாறினார். கல்லூரிச் சமையலறையை நம்பாமல் தானே சமைத்தார். சாமான்களை ஊரிலிருந்து வரவழைத்தார். ஆகஸ்டில் போர் மூண்டது. குளிர் வந்தபோது ஒருநாள் கிங்ஸ் கல்லூரி மாணவர் பி.சி. மகலனோபிஸ் அவர் அறைக்குப் போனார். ராமானுஜன் கணப்புக்கு மிக அருகே உட்கார்ந்திருந்தார். இரவில் குளிர் தாங்கவில்லை, மேல்கோட்டோடு சால்வையையும் போர்த்திக்கொண்டு படுக்கிறேன் என்றார். போதுமான கம்பளி இல்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கம்பளிகள் நிறையவே இருந்தன. எல்லாவற்றையும் மெத்தையோடு சேர்த்து இறுக்கிச் செருகியிருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலே விரித்திருந்த விரிப்பின்கீழ் மட்டும் படுத்திருக்கிறார். மகலனோபிஸ் கம்பளியை மடித்து, எப்படி நுழைவது என்று காட்டிக்கொடுத்தார்.

நெவில் வீட்டில் இருந்தது வசந்தகாலத்தில். இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருந்திருந்தால், முதல் குளிர் இரவுக்கு மறுநாள் காலை உணவின்போதே ஆலிஸ் நெவில் அவர் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக் கூடும். ஒரு குடும்பம் புதியவனுக்குத் தருவதில் விலைமதிப்பில்லாதது இந்தக் கவனிப்புதான். கம்பளியை எப்படிப் போர்த்துவது என்று யாரும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்பதில்லை; பார்க்கிறவர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

முதல் உலகப் போருக்குப் பிறகு மாணவர்கள் இன்னும் அதிகமாக வந்தார்கள். நிறம் பார்த்துக் கதவைச் சாத்திய வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டவர்களும் இருந்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் லண்டனில் படித்த அம்பேத்கர், கிங் ஹென்றிஸ் ரோட்டில் தங்கிய வீட்டில் காலையில் கிடைத்த அற்ப உணவோடு பகலெல்லாம் நூலகத்தில் இருந்தார். இரவு பத்து மணிக்குமேல் பசி பொறுக்காமல், தெரிந்தவர் ஒருவர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டுத் தின்றுவிட்டு விடிய விடியப் படித்தார். அந்த வீட்டை 2015-இல் மகாராஷ்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவில்லமாக்கியிருக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு தமிழர் வேறு விடை கண்டார். சேலத்தில் பிறந்த கே.டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்திய தேசியப் பொதுச்செயலாளர். 1920-இல் லண்டனில் இந்திய மாணவர்களுக்கென ஒரு சங்கத்தையும் விடுதியையும் நிறுவ முன்னின்றார். கிராம்வெல் ரோட்டின் அரசாங்க நிழலும் வேண்டாம், இந்தியா ஹவுஸ் போல ஊரோடு பகைத்துக்கொண்ட தனிமையும் வேண்டாம். இந்தியர்களே நடத்தும் வீடு, ஆங்கிலேயரும் விருந்தாளியாக வந்துபோகும் வீடு என்பது திட்டம். யார் வீட்டு மேஜை என்ற கேள்வியையே பால் திருப்பிப்போட்டார். கோவர் தெருவில் இயங்கிய விடுதி இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இரையானது. 1950-களின் தொடக்கத்தில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் ரால்ஃப் டப்ஸ் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் புதுக் கட்டடம் எழுந்தது. இன்றும் அங்கே மாணவர்கள் தங்குகிறார்கள். அதன் உணவுக்கூடம் வெளியாருக்கும் திறந்திருக்கிறது. பக்கத்து அலுவலகங்களில் வேலை பார்க்கும் லண்டன்வாசிகள் சோற்றுக்கும் குழம்புக்கும் மதியத்தில் அங்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள்.